இன்ஸ்பெக்டர் சாப்பிட்ட நாற்பது

மீன்தொட்டி வடிகட்டியின் பஞ்சைப் பிழிந்துகொண்டிருந்தபோது அந்தச் செதில் அவள் கட்டைவிரலில் ஒட்டியது. ஆரஞ்சு நிறம். சட்டைப் பொத்தானில் பாதி அளவுகூட இல்லை.

வேறு யாராக இருந்தாலும் குழாயடியில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். அவள் பதினாறு வருஷமாக ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்க்கிறவள். கண்ணில் பட்ட எதையும் சும்மா விட்டுப் பழக்கமில்லை. செதிலை ஒரு சின்னக் குப்பியில் போட்டு மூடி, தேதி எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

தொட்டிக்குள் இன்ஸ்பெக்டர் ரோந்து போய்க்கொண்டிருந்தது. இரண்டடி நீளம், வெள்ளித் தகடு அடித்த மாதிரி உடம்பு, கீழுதட்டில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மீசை. அரோவானா இனம். பரிசோதனைக்கூடத்தில் முன்பு இருந்த டாக்டர் வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ஆறடித் தொட்டியின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு, அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு, யாரையும் மதிக்காமல் போய்வரும் அந்த நடையைப் பார்த்து அம்மா வைத்த பெயர் அது.

டாக்டர் கொடுக்கும்போது ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னார். "இது வேட்டையாடற மீன்தான். அதுக்காக உயிர்மீனைப் பிடிச்சுப் போட்டுடாதே. பாக்க வேடிக்கையா இருக்கும். கடைசியில மீன் இருக்காது." அதிலிருந்து ஆறு வருஷமாக இன்ஸ்பெக்டரின் சாப்பாட்டுக்கு ஒரு நோட்டு உண்டு. காலையில் மிதக்கும் உருண்டைத் தீவனம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம், தோல் உரித்த வெள்ளை மீன் துண்டோ வெந்நீரில் போட்டெடுத்த இறாலோ. எப்போதாவது வளர்ப்புச் சிள்வண்டு. வாரத்தில் ஒருநாள் பட்டினி.

அந்த நோட்டில் மூன்று வாரமாக ஒரே கதை. "இறால் - தொடவில்லை." "உருண்டை - வாயில் வாங்கித் துப்பினான்." "மீன் துண்டு - திரும்பிக்கூடப் பார்க்கவில்லை." சாப்பிடாத மீன் இளைக்க வேண்டும். இன்ஸ்பெக்டரின் வயிறோ சம்பளம் வாங்கிய மறுநாள் மாதிரி திருப்தியாக இருந்தது.

மறுநாள் மதியம் கூட்டம் குறைந்ததும் செதிலைக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். வரிவரியாக வளையங்கள். ஓரத்தில் ஆரஞ்சுப் புள்ளிகள். இன்ஸ்பெக்டரின் செதில் இதைப் போல எட்டு மடங்கு பெரிசு, நிறமும் வேறு. அவள் போடுகிற மீனுக்குத் தோலே கிடையாது.

யாரோ தங்கமீன் போடுகிறார்கள். அவள் வீட்டில், அவள் தொட்டியில், அவள் இல்லாத நேரத்தில்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். அவள், அம்மா, அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவளான தங்கை. பெரியவளுக்குக் கல்யாணம் என்ற பேச்சு எப்போதோ வந்து, அப்பாவின் நோயோடு நின்றுபோனது. தங்கைக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் காட்டுகிற வேலை. ஆறு மணிக்கு வீடு திரும்பிவிடுவாள். பெரியவள் வர எட்டாகும். அம்மா ஆறிலிருந்து ஏழு வரை நடைக்குப் போவாள்.

அப்புறம் மாடியில் வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற சர்வேயர். அவரிடம் ஒரு மாற்றுச் சாவி உண்டு. "இவ்வளவு தண்ணியை ஒரே இடத்தில வச்சா தரை தாங்குமாம்மா?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்காமல் விடமாட்டார்.

அவள் அம்மாவிடமிருந்து ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ இன்ஸ்பெக்டருக்கு ஏதாவது போட்டியா?"

"நான் எதுக்குப் போடறேன்? அது என்னைப் பாக்கற பார்வையே சரியில்ல."

"பாவம், பட்டினி கிடக்குதேன்னு…"

"பட்டினியா? நான் ஒருவேளை சாப்பிடலன்னா இந்த வீட்ல நோட்டு போடறாங்களா?"

அம்மா பொய் சொன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். இப்போது துடைக்கவில்லை. சரி, அம்மா இல்லை.

தங்கையைக் கேட்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தொட்டிப் பக்கம் போகும்போதுகூட கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காதவள் தங்கை. மிச்சம் மாடிதான்.

இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டரின் உடம்பு ஒருமுறை தூக்கிப் போட்டது. மின்சாரம் தாக்கிய மாதிரி ஒரு வெட்டு வெட்டிக் கண்ணாடியில் மோதியது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தபடி, குடித்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல நீந்தியது. அதைப் பார்த்துவிட்டு அவள் நேராக மாடியேறினாள்.

"சார், எங்க வீட்டுச் சாவியைக் கொஞ்சம் தர்றீங்களா?"

"ஏம்மா, உங்க சாவி தொலைஞ்சு போச்சா?"

"இல்ல. இனிமே எங்ககிட்டயே இருக்கட்டுமேன்னு."

அவர் முகம் சுருங்கியது. எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், பெரிய சண்டையாகவே ஆகியிருக்கும். ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, "உங்கப்பா என்கிட்ட குடுத்து வச்சது, பத்து வருஷம் இருக்கும்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றைக்கே தொட்டி மூடியின் விளிம்பில், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த கையுறைப் பவுடரை மெல்லிசாகத் தூவி வைத்தாள். வாசனையே இல்லாத பவுடர். யார் மூடியைத் தூக்கினாலும் விரல் பதியும்.

மறுநாள் இரவு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குனிந்து பார்த்தாள். பவுடர் அப்படியே இருந்தது. ஒரு விரல் தடம் இல்லை. ஆனால் தண்ணீரில் ஒரு ஆரஞ்சுச் செதில் மிதந்துகொண்டிருந்தது.

குழம்பிப்போய் மூடியின் மேல் முகத்தை வைத்துப் பார்த்தவளுக்கு மூக்கில் ஏறியது மல்லிகை வாசனை. துடைத்துவிட்டு, மறுபடியும் தூவியிருக்கிறார்கள். பவுடர் மட்டும் வேறு. அம்மாவுக்கு வாசனைப் பவுடர் என்றாலே தும்மல். சர்வேயர் சாவி அவள் கைப்பையில். வீட்டில் மல்லிகைப் பவுடர் டப்பா ஒன்றே ஒன்றுதான், அது தங்கையின் அலமாரியில்.

அவளுக்குக் கோபத்தைவிட அதிகமாக வந்தது பயம். தன் தங்கை, கூடவே ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவள், ஒரு மீனை மெல்ல மெல்லக் கொன்றுகொண்டு, அதை மறைக்க இவ்வளவு மெனக்கெடுகிறாளா? எதற்கு? அப்படி என்ன வஞ்சம்? அன்று சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னக்கா அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்ல. மெலிஞ்சிட்ட மாதிரி இருக்கு."

"நானா? ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்" என்று சிரித்தாள் தங்கை. நன்றாகத்தான் சிரித்தாள். அதுவே சந்தேகமாக இருந்தது.

காலையில் ஒரு கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்தாள். மீன்களையும் பார்ப்பவர். அறிகுறிகளைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டதே, "தங்கமீன் போடறீங்களா?" என்றுதான்.

"நான் போடல. ஆனா போயிருக்கு."

"எப்பவாவது ஒண்ணா, அடிக்கடியா?"

"அடிக்கடின்னுதான் தோணுது."

"அதுல ஒரு பொருள் இருக்கு, வைட்டமின் பி ஒன்னை அழிச்சிடும். மாசக்கணக்கா அதையே தின்னா நரம்பு கெடும். இழுப்பு, சாய்ஞ்சு நீந்தறது எல்லாம் அதான். உயிர்மீனோட புழு, ஒட்டுண்ணி வர்றது தனி. ருசி கண்டுட்டா வேற எதையும் தொடாது. முதல்ல அதை நிறுத்துங்க. மீதியை அப்புறம் பாக்கலாம்."

மாசக்கணக்கா. அந்தச் சொல் நாள் முழுக்க அவள் காதில் இருந்தது. நாலு ரத்தக் குப்பிகளில் பெயர் மாற்றி ஒட்டப் போய்க் கடைசி நிமிஷத்தில் திருத்தினாள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கண்ணாடிக் கடைக்கு எதிர்வரிசையில், பேருந்து நிறுத்தத்துக் கூட்டத்தின் நடுவில் நின்றாள்.

தங்கை ஐந்தரைக்கு வெளியே வந்தாள். கைபேசியின் இருட்டுத் திரையில் முகம் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு தெரு தள்ளி, தையல் கடைக்கும் பூட்டுக் கடைக்கும் நடுவில் இருந்த ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்தாள்.

இருபது நிமிஷம். இரண்டு மீன் வாங்க யாருக்கும் இருபது நிமிஷம் ஆகாது. தங்கை திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பை, அதில் இரண்டு தங்கமீன். முகத்தில் ஒரு சிரிப்பு, யாருக்கும் காட்டாமல் தனக்கே வைத்துக்கொள்கிற மாதிரி.

தங்கை தெருமுனை தாண்டியதும் பெரியவள் கடைக்குள் போனாள்.

முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், முழங்கை வரை சட்டை நனைந்து, ஒரு பெரிய தொட்டிக்குள் இடுக்கியை நீட்டிக்கொண்டிருந்தார். இடுக்கி நுனியில் ஒரு தீவன உருண்டை. உள்ளே முழங்கை நீள விரால் ஒன்று அதை முறைத்துக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷங்க. பதினோரு நாளா என்னோட மல்லுக்கு நிக்கறான்" என்றார் திரும்பாமலே. விரால் சட்டென்று உருண்டையைக் கவ்வியது. அவர் நிமிர்ந்து, லாட்டரி விழுந்த மாதிரி சிரித்தார். "சொல்லுங்க, என்ன வேணும்?"

"தங்கமீன் வேணும். பெரிய மீனுக்கு இரையா போட."

சிரிப்பு போய்விட்டது. "இரைக்கு நான் குடுக்கறதில்லைங்க. உங்க மீன் என்ன இனம்? எத்தனை வயசு? நல்ல உருண்டைத் தீவனம் இருக்கு, புழு பூச்சி இருக்கு, பழக்கறதுக்கு நானே வந்து சொல்லித் தர்றேன். மாட்டுக் கறி, கோழி ஈரல்னு போட்டுடாதீங்க, கொழுப்பு சேர்ந்து ஈரலே போயிடும். தங்கமீனும் வேண்டாம்."

"இப்ப ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போச்சே?"

"அவங்களா?" அவர் குரல் ஒரு படி இறங்கியது. "அவங்க வளக்கறாங்க. மொட்டை மாடியில பெரிய சிமென்ட் தொட்டியாம். நாலு மாசமா வாங்கறாங்க. ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சிருக்காங்க. எது சரியா சாப்பிடல, எது எதைத் துரத்துதுன்னு வந்து சொல்லுவாங்க. இன்னிக்கோட நாப்பத்திரண்டு. இடம் பத்தாதுன்னு எனக்கே கவலை. வர்ற ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கேன்."

"வரச் சொன்னாளா?"

"வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்றாங்க. வீட்ல ஒரு அக்காவாம். ரொம்பக் கண்டிப்பாம்." சட்டைக் கையைப் பிழிந்தபடி சிரித்தார். "அக்காவைப் பாத்தாலும் எனக்குப் பரவால்லைங்க. பாத்துதானே ஆகணும்."

மாதக்கணக்கில் நடந்ததற்கெல்லாம் பெரியவளுக்கு ஒரே நொடியில் அர்த்தம் கிடைத்துவிட்டது. சும்மா வந்து நிற்க முடியாது, அதனால் மீன் வாங்கியிருக்கிறாள். வாங்கியதை வைக்க இடமில்லை. ஆறடித் தொட்டி இருந்தது. உள்ளே வாய் இருந்தது.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது தங்கை தொட்டி அருகில், மூடியில் கை வைத்தபடி நின்றிருந்தாள். பை இன்னும் பிரிக்கப்படவில்லை.

"நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு" என்றாள் பெரியவள்.

தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் அழுகை மட்டும்தான். பிறகு பேச்சு துண்டுதுண்டாக வந்தது.

"முதல்ல ரெண்டை வாளியில வச்சேன். அம்மா பாத்துடுவாங்கன்னு, ஒரு மணி நேரம் மட்டும் இதுக்குள்ள விட்டேன். அது சாப்பிட்டுடும்னு தெரியாதுக்கா… தெரியாதுன்னு இல்ல. யோசிக்கல. அப்புறம் அடுத்த தடவை வாங்கும்போது யோசிச்சேன். இருந்தும் போட்டேன். தூக்கிப் போட மனசு வரல, அதுக்கு இது மேல்னு தோணுச்சு."

"அது இழுத்துக்கிட்டுச் சாகக் கிடக்குது. நான் எழுதற நோட்டை நீ பாக்கலையா?"

"பாத்தேன். நாளையோட நிறுத்திடணும்னு தினமும் நெனச்சேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உன்கிட்டயா?" தங்கை நிமிர்ந்தாள். கண்ணீரோடேயே குரல் கூர்மையானது. "மூணு வருஷம் முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொன்னேன். நீ என்ன பண்ணின? அவர் ஆபீசுக்குப் போன் போட்ட. அவர் தெருவுல போய் விசாரிச்ச. அவர் பழைய வீட்டுக்காரரைக்கூடத் தேடிப் பிடிச்ச. அவர் மரியாதையா ஒதுங்கிட்டார். இவரைப் பத்திச் சொல்லியிருந்தா இவர் ரத்தத்தைக் குப்பியில எடுத்துட்டு வந்திருப்ப."

அந்த மனிதரிடம் அன்று கண்டுபிடிக்க எதுவும் இருக்கவில்லை என்பது பெரியவளுக்குத் தெரியும்.

அந்த இரண்டு மீன்களையும் ஒரு கண்ணாடி ஜாடியில் விட்டு ஜன்னலோரம் வைத்தார்கள். அம்மா நடை முடிந்து வந்து, "இது என்ன புதுசா?" என்று கேட்டபோது அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில் "ஒண்ணுமில்லை" என்றார்கள். அம்மா கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மீன்கடைக்காரர் வந்தார். கையில் தண்ணீர் சோதிக்கும் பெட்டி, ஒரு கட்டு நீர்ச்செடி. கதவைத் திறந்த பெரியவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து திகைத்து நின்றார்.

"நான்தான் அந்த அக்கா" என்றாள் அவள். "உள்ள வாங்க."

தங்கை கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உதவிக்கு யாரையும் பார்க்கவில்லை. "மாடியில தொட்டி இல்லை" என்றாள். "பேர் வச்சதெல்லாம் கடையில இருந்து வீட்டுக்கு வர்ற வழியில. அந்த ஜாடியில இருக்கற ரெண்டு தவிர மீன் எல்லாம் இதுக்குத்தான் போச்சு." சாய்ந்து கிடந்த இன்ஸ்பெக்டரைக் காட்டினாள்.

அவர் செடிக்கட்டை மேசையில் வைத்தார். அவளைப் பார்க்கவே இல்லை. தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, நெடுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெரியவளிடம், "எத்தனை நாளா சாய்வு?" என்று கேட்டார்.

"ஒன்பது நாள்."

"இழுப்பு?"

"தினம் ரெண்டு தடவை."

"விளக்கை அணைங்க. ரெண்டு பக்கம் துணி போட்டு மூடுங்க. நாலு நாள் எதுவும் போடாதீங்க, பசிக்கட்டும். மீன் டாக்டர் யாரையாவது கேட்டிருந்தா நம்பரைக் குடுங்க, வைட்டமின் எவ்வளவுன்னு நான் பேசிக்கறேன்." எழுந்து வாசல் வரை போனவர் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இரைக்குன்னு கேட்டிருந்தா குடுத்திருக்கவே மாட்டேன். என் கையாலயே நாப்பத்திரண்டை எடுத்துக் குடுத்திருக்கேன்."

அவர் போனபிறகு தங்கை குளியலறைக்குள் போய்க் கதவைப் போட்டுக்கொண்டாள். பெரியவள் மாடியேறினாள். சாவியைச் சர்வேயரிடம் நீட்டி, "தப்பு என்னோடது சார்" என்றாள். அவர் வாங்கி ஆணியில் மாட்டினார். உட்காரச் சொல்லவில்லை.

இரண்டு நாளைக்கு ஒருமுறை மீன்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். தண்ணீரைச் சோதித்தார், கொஞ்சம் மாற்றினார். வைட்டமின் மாத்திரையைப் பொடித்துச் சிள்வண்டின் வயிற்றில் அடைத்து இடுக்கியில் நீட்டினார். இன்ஸ்பெக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆறாம் நாளும் அதே. எட்டாம் நாளும் அதே. பேச்செல்லாம் பெரியவளோடு மட்டும்தான், அதுவும் மீனைப் பற்றி. தங்கை கூடத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் சொல்வதையெல்லாம் அவர் போனபின் நோட்டில் எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் சிள்வண்டு தண்ணீரைத் தொட்டதும் இன்ஸ்பெக்டர் ஒருமுறை தாண்டிப் போய், திரும்பி வந்து, வாயைத் திறந்தது. ஒரு சத்தம், அவ்வளவுதான். இடுக்கியில் ஒன்றும் இல்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். அது துப்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் இழுப்பு நின்றது. சாய்வு பாதி சரியானது. மீதி போகாமலே இருக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இறாலைத் தொட ஆரம்பித்தது.

அப்போது ஒருநாள் அம்மா பெரியவளைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவை ஒருக்களித்தாள். "பெரியவளே, மறைக்காமச் சொல்லு. அந்த ஆள் எதுக்கு வர்றான்?"

"மீனைப் பாக்க."

"நானும் கண்ணு தெரிஞ்சவதான். வந்தா உன்கிட்டதான் பேசறான். சின்னவ நிக்கற பக்கம்கூடத் திரும்பல. உனக்கு இஷ்டம்னா நான் குறுக்க நிக்கமாட்டேன். நாப்பது வயசுல கல்யாணம் பண்ணக் கூடாதுன்னு சட்டமா?"

பெரியவளுக்கு வந்த சிரிப்பில் புரையேறியது. "எனக்கில்லம்மா. சின்னவளுக்கு."

"சின்னவளுக்கா? அவகிட்ட ஒரு வார்த்தை பேசலையே!"

"அதனாலதான் சொல்றேன்."

அம்மா குரலைத் தாழ்த்தி, "ஆளு எப்படி? நீ விசாரிச்சியா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நீயா? விசாரிக்கலையா?"

"பன்னிரண்டு நாள் ஒரு மீன் வாயைத் திறக்கக் காத்துக்கிட்டு இருந்தார். பாத்தேன்ல. போதும்."

அவர்கள் வெளியே வந்தபோது தங்கை தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதுகுல கறுப்பா ஒரு நரம்பு இருக்கும். அதையும் எடுக்கணும்" என்றார். நான்கு வாரத்தில் அவளிடம் பேசிய முதல் வாக்கியம்.

அவள் தலையை நிமிர்த்தாமல் நகத்தால் கீறி அதை இழுத்தாள். பாதியில் அறுந்தது.

"அப்படியில்ல" என்று அவர் எதிரில் உட்கார்ந்து, தட்டிலிருந்து ஓர் இறாலை எடுத்துக்கொண்டார்.

"நாளைக்குக் கடைக்கு வரலாமா?" என்று அவள் கேட்டாள்.

"வரலாம்." அவர் இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா உங்களுக்கு ஒரு மீன்கூட விக்கமாட்டேன். சும்மா வாங்க."